ஆன்லைன் டயட்டீஷியனிடம் பணம் கட்டுவதற்கு முன்னால்

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சர்க்கரையோ கொழுப்போ கொஞ்சம் ஏறியிருக்கும். "மாத்திரை இப்ப வேணாம், ஒரு டயட்டீஷியனைப் பாருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடுவார். யாரை, எங்கே, எவ்வளவுக்கு என்பதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். போனை எடுத்து ஒருமுறை தேடினால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு எடைக்குறைப்பு விளம்பரங்கள் உங்களைத் துரத்தும்.

நானும் அந்தச் சுற்றில் போய் வந்தவன். ஒரு நிறுவனத்தில் மூன்று மாதப் பேக்கேஜுக்குப் பணம் கட்டினேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பேசினார்கள். கடைசியில் கையில் வந்த உணவு சார்ட்டில் போஹா, மூங் சில்லா என்று வடநாட்டுப் பலகாரங்கள்தான் இருந்தன. மயிலாப்பூரில் இட்லி மாவு அரைத்துச் சாப்பிடும் வீட்டுக்கு அதை வைத்து என்ன செய்வது? அப்புறம் தனியாகப் பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்த பிறகுதான் காரியம் நடந்தது. நடுவில் தெரிந்துகொண்டதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் பிரச்சினைக்கு ஆன்லைன் சரிப்படுமா?

சர்க்கரை எல்லையில் நிற்பது, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், ஃபேட்டி லிவர், பிசிஓஎஸ், ரத்தசோகை, எடை: இவற்றுக்கு வீடியோ காலே போதும். இங்கே வேலை பேச்சும் கணக்கும்தான், தொட்டுப் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை.

கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறியவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைகள், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள், காரணமே தெரியாமல் எடை குறைந்துகொண்டிருப்பவர்கள் முதலில் ஆன்லைனுக்குப் போக வேண்டாம். உங்கள் டாக்டர் இருக்கும் மருத்துவமனையிலேயே டயட்டீஷியன் இருப்பார், அவரிடம் நேரில் போங்கள். இருவரும் ஒரே கேஸ் ஷீட்டைப் பார்ப்பார்கள். பணம்தான் தடை என்றால், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பார்க்கும்போதே உணவு ஆலோசனையும் கேளுங்கள். கட்டணம் இல்லை. ஆனால் அரை நாள் போய்விடும், அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

இன்னொன்று. டயட்டீஷியன் மாத்திரை எழுதித் தர முடியாது, இருக்கும் மாத்திரையின் அளவை மாற்றவும் முடியாது. இன்சுலினோ கிளிமெபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே புது சார்ட்டை ஆரம்பிக்கும் முன் மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "மாத்திரையை நிறுத்திடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு டயட்டீஷியன் சொன்னால், அந்த வீடியோ காலை அங்கேயே முடித்துவிடலாம்.

2. ஆளைத் தேர்ந்தெடுங்கள், ஆப்பை அல்ல

ஆப்பில் பணம் கட்டினால் யார் பேசுவார் என்பது பெரும்பாலும் அவர்கள் முடிவு. பெயர் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த மாதமும் அவரே பேசுவார். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் தனியாகப் பார்ப்பவர்களையோ, மருத்துவமனையில் வேலை செய்துகொண்டு ஆன்லைனிலும் பார்ப்பவர்களையோதான் சொல்வேன்.

படிப்பைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நியூட்ரிஷன், டயட்டெடிக்ஸ், ஹோம் சயின்ஸில் பட்டமோ முதுநிலைப் பட்டமோ இருக்க வேண்டும். எத்திராஜ், ராணி மேரி, டபிள்யூ.சி.சி. (மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி) என்று நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்தே இதைப் படித்துவிட்டு நிறையப் பேர் வருகிறார்கள். அதற்கு மேல் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் செய்தாரா என்று கேளுங்கள். பெயருக்குப் பின்னால் ஆர்.டி. இருந்தால் ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன், அதாவது இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் தேர்வில் தேறியவர். பதிவு எண்ணைக் கேட்டால் தருவார்கள். தரத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள். ஆர்.டி. இல்லாத நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முதல்முறை போகும் உங்களுக்கு அவர்களைப் பிரித்தறிவது கஷ்டம்.

"நியூட்ரிஷன் கோச்", "வெல்னஸ் எக்ஸ்பர்ட்" என்பவை சில வாரச் சான்றிதழிலேயே கிடைக்கும் பட்டங்கள். ஆரோக்கியமாக இருப்பவருக்கு அவர்கள் உற்சாகம் கொடுக்கலாம். ரிப்போர்ட்டோடு போகும் நமக்கு அது போதாது. பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று இருந்தால் எம்.பி.பி.எஸ்.ஸா, பிஎச்.டி.யா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி. நல்ல படிப்புதான், ஆனால் அவரிடம் மாத்திரைச் சந்தேகம் கேட்க முடியாது.

விலகிப் போக வேண்டிய அறிகுறிகள் சில. மாதம் 10 கிலோ குறைப்பேன் என்பது (பெரும்பாலானவர்களுக்கு மாதம் 2 முதல் 4 கிலோதான் நிதானமான வேகம்). முதல் பேச்சிலேயே அவருடைய புரோட்டீன் பவுடரையோ மூலிகைத் தூளையோ வாங்கச் சொல்வது. ரிப்போர்ட்டைக் கேட்காமலேயே சார்ட் அனுப்புவது. முன்–பின் படங்களால் நிரம்பிய பக்கம் இருந்தால், உங்கள் படமும் நாளைக்கு அங்கே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என் படத்தைப் போடக் கூடாது" என்று எழுத்தில் அனுப்பிவிடுவது நல்லது.

மொழியையும் கேளுங்கள். அம்மாவுக்காகவோ மாமியாருக்காகவோ பார்க்கிறீர்கள் என்றால் இது முக்கியம். வத்தக்குழம்புக்கும் மோர்க்குழம்புக்கும் எண்ணெயில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியாதவரிடம் பேசினால் பாதி நேரம் சமையல் பாடம் எடுப்பதிலேயே போய்விடும்.

3. கட்டணம்

நான் விசாரித்த அளவில் சென்னையில் முதல் ஆலோசனைக்கு 500 முதல் 1,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். அடுத்தடுத்த கால்களுக்கு அதில் பாதியோ கொஞ்சம் கூடவோ. மாதப் பேக்கேஜ் 2,000-லிருந்து 6,000 வரை, பிரபலமானவர் என்றால் அதற்கும் மேலே. இடத்துக்கு இடம் மாறும், பேரமும் உண்டு.

முதல்முறை ஒரே ஒரு கால்தான் வாங்க வேண்டும். "இன்னிக்கே மூணு மாசம் எடுத்தா நாற்பது சதவீதம் தள்ளுபடி, ராத்திரி பன்னிரண்டு மணியோட முடியுது" என்பார்கள். அடுத்த வாரமும் அதே தள்ளுபடி இருக்கும். ஒருமுறை பேசி, அவர் உங்களை எப்படிக் கேட்கிறார் என்று பார்த்த பிறகு பேக்கேஜுக்குப் போகலாம்.

கட்டும் முன் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டியவை: மாதத்துக்கு எத்தனை கால், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், நடுவில் மெசேஜில் சந்தேகம் கேட்கலாமா, வரி சேர்த்த தொகையா, நான் ஊருக்குப் போனால் நாட்கள் தள்ளிவைக்கப்படுமா, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும்.

பணம் கட்டும்போது யுபிஐயில் "ஆட்டோபே" அனுமதி கேட்கிறதா என்று கவனியுங்கள். ஒரு முறை கட்டுவதாக நினைத்துப் பின்னைப் போட்டுவிட்டால் மாதாமாதம் பணம் போகும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வரும்தான், ஆனால் அது விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவே கிடக்கும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம்.

ஐ.டி. கம்பெனியில் வேலையா? பணம் கட்டும் முன் எச்.ஆரிடம் கேளுங்கள். பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டோடு டயட்டீஷியன் ஆலோசனை இலவசமாகவே வருகிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. நாம் சொந்தமாக எடுக்கும் சாதாரணப் பாலிசிகள் பெரும்பாலும் மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் தரும், இதற்குத் தராது.

4. காகிதங்கள்

கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை இருந்தால் புதிதாக எடுக்க வேண்டாம். முதலில் டயட்டீஷியனிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்வதை மட்டும் எடுங்கள். "ஃபுல் பாடி 80 டெஸ்ட்" வகைப் பேக்கேஜ்களில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. சர்க்கரைக்கு வெறும் வயிறு, சாப்பிட்ட பின், ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி). இவற்றோடு கொழுப்பு, ஹீமோகுளோபின், கிரியேட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச். ரொம்ப நாளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12. சாதாரணமாகக் கேட்பது இவ்வளவுதான்.

வெறும் வயிறு என்றால் 8 முதல் 12 மணி நேரம், தண்ணீர் மட்டும். லேப் பையன் வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது என்று நடுவில் ஒரு வாய் காபி குடித்தால் அந்த ரிப்போர்ட் உபயோகமில்லை. சாப்பிட்ட பின் எடுப்பதற்கு, சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் எண்ண வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. ரத்தசோகை இருப்பவர்கள், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஹெச்பிஏ1சி எண் அவர்களுக்குத் தப்பாகக் காட்டலாம்.

ரிப்போர்ட்டை லேப் அனுப்பிய பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். ட்யூப்லைட் வெளிச்சம் அடித்த போட்டோவில் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாத்திரைகளுக்கு மட்டும் போட்டோ போதும்: அட்டையின் பின்பக்கம், பெயரும் மில்லிகிராமும் தெரிகிற மாதிரி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், ஜிம்மில் கொடுத்த பவுடர், வெந்தயத் தண்ணீர் என்று நீங்கள் "மருந்து" என்று கணக்கில் வைக்காதவையும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அதுவும்.

உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் முதல் நாளே அளந்து வையுங்கள். எடை காலையில், வெறும் வயிற்றில். எந்த மெஷினானாலும் சரி, கடைசிவரை அதே மெஷின். இடுப்புக்குத் தையல் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல் வைக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. பிஎம்ஐ-யிலும் (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) நமக்கு 23-லேயே அதிக எடை ஆரம்பிக்கிறது. வெளிநாட்டு ஆப்கள் 25 வரை பச்சை விளக்கு காட்டும், நம்ப வேண்டாம்.

5. மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு

இதுதான் மொத்தத்திலும் முக்கியமான வேலை. இது சரியாக இருந்தால் சார்ட் சரியாக வரும். இல்லையென்றால் எவ்வளவு படித்தவரும் பொதுவான சார்ட்டைத்தான் தர முடியும்.

இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிறு. ஞாயிறை விட்டுவிட்டு எழுதினால் பிரியாணியே சாப்பிடாத குடும்பம் மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்ட எல்லாவற்றையும், நேரத்தோடு, அப்போதைக்கு அப்போதே எழுத வேண்டும். ராத்திரி உட்கார்ந்து ஞாபகப்படுத்தினால் நாலு மணி பஜ்ஜியும், குழந்தை மீதி வைத்ததைச் சாப்பிட்டதும் விட்டுப்போகும். தட்டை ஒரு போட்டோவும் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்து. அளவு தெரிய அது உதவும்.

"ரெண்டு தோசை" என்று எழுதினால் போதாது. வீட்டுத் தோசையா, ஓட்டல் ரோஸ்ட்டா? தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியா, நல்லெண்ணெய் ஊற்றிய பொடியா? "கொஞ்சம் சாதம்" வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டில் அரிசி அளப்பது ஆழாக்கோ டம்ளரோ, அதில் எத்தனை போடுகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள், மீதியை அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் சாதம் ஆகும் என்பதால், அரிசியின் அளவா சாதத்தின் அளவா என்று குறிப்பிடாவிட்டால் கணக்கு மூன்று மடங்கு தப்பும்.

காபியை இங்கே யாரும் சாப்பாடாகவே எண்ணுவதில்லை. எழுதுங்கள்: எத்தனை முறை, எந்தப் பால், எத்தனை ஸ்பூன் சர்க்கரை. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3%, ஆரஞ்சில் 6%, அதனால் நிறத்தைச் சொன்னாலே அவருக்குப் புரியும். நாளுக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்றால் அதுவே 30 முதல் 40 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும், பலர் மாத்திரையைக் காபியோடுதான் விழுங்குகிறார்கள்.

எண்ணெயை நாள் கணக்கில் எழுத முடியாது. மாதக் கணக்கைச் சொல்லுங்கள்: மளிகை லிஸ்ட்டில் எத்தனை லிட்டர், ரேஷன் பாமாயில் எத்தனை பாக்கெட், வீட்டில் எத்தனை பேர். தலைக்கு மாதம் அரை லிட்டர் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நாலு பேர் வீட்டில் 4 லிட்டர் ஆகிறது என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது எண்ணெயில் மட்டுமே 270 கலோரி. என் விஷயத்தில் டயட்டீஷியன் சோற்றைத் தொடும் முன் கை வைத்தது இங்கேதான்.

அப்புறம் நாட்காட்டி. புரட்டாசியில் அசைவம் கிடையாது, சனிக்கிழமை ஒருபொழுது, கிருத்திகை, ரமலான் நோன்பு, லென்ட் (கிறிஸ்தவர்களின் தவக்காலம்) நாட்கள் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கேற்ப மாற்றிப் போடுவார். பழைய மகாபலிபுரம் சாலையில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தூங்கும் நேரத்தை எழுத மறக்க வேண்டாம். பி.ஜி. ஹாஸ்டலில் இருப்பவர்கள் மெஸ் மெனுவைப் போட்டோ எடுத்து அனுப்பினால், அதற்குள்ளேயே எதை எடுப்பது எதை விடுவது என்று சொல்லித் தரும் டயட்டீஷியன்தான் நல்லவர். குடிப்பழக்கம் இருந்தால் அளவோடு எழுதுங்கள், அவர் உங்கள் அப்பாவிடம் சொல்லப் போவதில்லை.

6. கால் வரும் நாள்

முதல் கால் 30-லிருந்து 60 நிமிடம். பெரும்பகுதி கேள்விதான்: தூக்கம், மலச்சிக்கல், மாதவிடாய், நடை, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யார் சமைக்கிறார், யார் காய் வாங்குகிறார். அன்றே சார்ட் கையில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆவது சாதாரணம். பத்தே நிமிடத்தில் வந்தால் அது ஏற்கெனவே தயாராக இருந்த சார்ட்.

சமைப்பவர் யாரோ அவரும் பக்கத்தில் உட்கார வேண்டும். மனைவியோ அம்மாவோ சமைக்கும் வீட்டில் கணவர் மட்டும் ஹெட்போன் போட்டுக்கொண்டு பேசிவிட்டு வந்து "இனிமே எண்ணெய் கம்மி" என்று அறிவித்தால் அது இரண்டு நாள் ஓடும். வயதான பெற்றோருக்காக வெளியூரிலிருந்து பிள்ளைகள் ஏற்பாடு செய்யும்போதும் இதே கதைதான். மகன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுவார், அம்மா சாப்பிடுவது வேறாக இருக்கும். அம்மாவையே பேச விடுங்கள்.

ரிப்போர்ட்டும் குறிப்பும் முந்தைய நாளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கட்டிய நேரத்தில் பாதி பிடிஎஃப் திறப்பதில் போகக் கூடாது.

7. சார்ட் வந்ததும்

முதலில் கடைப் பெயரை நினைத்துக்கொண்டு படியுங்கள். இதில் உள்ளதெல்லாம் உங்கள் தெரு மளிகையிலும் காய்க்கடையிலும் கிடைக்குமா? கினோவா, அவகாடோ, ஆல்மண்ட் மில்க் என்று இருந்தால், "இதுக்குப் பதிலா நம்ம வீட்ல இருக்கறதா சொல்லுங்க மேடம்" என்று உடனே கேளுங்கள். சுண்டல், பாசிப்பயறு, முட்டை, மத்தி மீன், கீரை, மோர் இவற்றை வைத்தே நல்ல சார்ட் போட முடியும். "ஒரு கப்" என்று எழுதியிருந்தால் எத்தனை மில்லி கப், வெந்ததா பச்சையா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சிறுதானியம் என்றால் அளவில்லை என்ற நினைப்பு வேண்டாம். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 67. நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான், ஆனால் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சர்க்கரை ஏன் ஏறியது என்று கேட்கக் கூடாது.

சில அறிவுரைகள் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு ஆபத்து. ரத்த அழுத்தத்துக்காகச் "சோடியம் குறைந்த உப்பு" சொன்னால், அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இளநீரும் அப்படித்தான். வார்ஃபாரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) எடுப்பவர்கள் திடீரென்று தினமும் கீரை என்று மாறுவதும் டாக்டருக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

8. அடுத்த மூன்று மாதம்

முதல் இரண்டு வாரத்தில் எது முடியவில்லை என்று குறித்துவைத்து அடுத்த காலில் சொல்லுங்கள். மாற்றிப் போடுவது அவர் வேலை, அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம். எடையைத் தினமும் பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால் மூன்று மாதம் முடியும் முன் மறுபடி எடுப்பது பணம் வீண். தலைசுற்றல், படபடப்பு, கை நடுக்கம் வந்தால் அடுத்த கால் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நிறுத்துவது என்று முடிவு செய்தால் வாட்ஸ்அப்பில் தேதியோடு எழுதி அனுப்புங்கள், ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள், திரும்ப வர வேண்டிய தொகையைக் கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். ரசீதும் பழைய மெசேஜ்களும் அப்போது தேவைப்படும், எதையும் அழிக்க வேண்டாம். கடைசிச் சார்ட்டையும், ஆரம்ப எடை, இப்போதைய எடை, மாற்றிய உணவுகள் பற்றிய ஒரு பக்கக் குறிப்பையும் அவரிடம் கேட்டு வாங்கி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரத்த ரிப்போர்ட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.